தேன்மெழுகு போட்டும் கிறீம் பிரிவது ஏன்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே கிறீம் செய்து அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழைச் சாறு மூன்றையும் சூடாக்கி அடிப்பேன். கடைசியில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. அடிக்கும்போது வெண்ணெய் மாதிரி வருகிறது. மூன்றாம் நாள் அடியில் தண்ணீர் நிற்கிறது, ஒரு கிழமையில் பூஞ்சணம். வெயில்தான் காரணமா? கெமிக்கல் போடாமல் சரிப்படுத்தலாமா?

பதில்: வெயிலைக் குறை சொல்ல வேண்டாம், சகோதரி. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். எங்கள் ஊர்ப் பகலில் அது உறைந்து நின்றால்தான் அதிசயம். ஆனால் உருகுவது வேறு, பிரிவது வேறு. உங்கள் போத்தலுக்குள் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றுமே இல்லை. தேன்மெழுகு இறுக்கம் தரும், அவ்வளவுதான். நீங்கள் அடித்த வேகத்தில் இரண்டும் கலந்த மாதிரி இருந்தது. கை ஓய்ந்ததும் அதது தன் பக்கம் போய்விட்டது.

தேங்காய்ப்பாலை நினைத்துப் பாருங்கள். அதுவும் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள்தான். துளிகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் புரதம்தான் அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருக்கிறது. கொதிக்க விட்டாலோ புளி விட்டாலோ அந்தப் புரதம் திரளும், பாலும் திரைந்து போகும். அதனால்தானே சொதியை இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி விடுகிறோம். புரதம் செய்யும் அந்த வேலையைக் கிறீமில் எமல்சிபயர் செய்கிறது. அதன் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். சவர்க்காரமும் இதே குடும்பம்தான். அது அழுக்கெண்ணெயைப் பிடித்துக் கழுவிக்கொண்டு போகிறது, இது பிடித்தபடியே நிற்கிறது.

கடையில் எமல்சிபயர் கேட்கும்போது கவனம். கிளிசரில் மொனோஸ்டியரேட் என்று ஒரு வெள்ளைத் தூள் தருவார்கள். ஒரு எமல்சிபயர் எண்ணெய்ப் பக்கமா தண்ணீர்ப் பக்கமா கூடச் சாய்கிறது என்று காட்ட 1949இல் கிரிஃபின் என்பவர் வகுத்த எச்.எல்.பி. அளவுகோலில் அது 4ஐக்கூட எட்டாது. அதாவது எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தது. உங்கள் கிறீம் மாதிரி தண்ணீர் கூடிய கலவையை அது தனியே தாங்காது. எண் 8க்கு மேலே போனால்தான் தண்ணீர்ப் பக்கம் சாயும். 'பொலிசோர்பேட் 80' என்ற இன்னொரு எமல்சிபயருக்கு அந்த எண் 15. இந்தக் கணக்கில் மண்டையை உடைக்க விருப்பமில்லை என்றால் 'எமல்சிஃபையிங் வாக்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள். தேவையான சேர்க்கை அதற்குள்ளேயே இருக்கும்.

100 கிராமுக்கு என் அளவு: எண்ணெய் 20, எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, சீட்டைல் அல்கஹோல் 2 (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தடிப்புக் கொடுக்கும் மெழுகுதான்), கிளிசரின் 3, வடித்த நீர் 68, பாதுகாப்பி (கிருமியும் பூஞ்சணமும் வளராமல் தடுப்பது) 1. எண்ணெயையும் மெழுகுகளையும் ஒரு பாத்திரத்திலும் நீரையும் கிளிசரினையும் இன்னொன்றிலும் 70 பாகைக்குச் சூடாக்குங்கள். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் மெழுகு கட்டி தட்டும். ஊற்றிய பிறகு ஆறும் வரை கிண்டுவதை விடாதீர்கள். பலர் பிழைவிடும் இடம் இதுதான். 40 பாகைக்குக் கீழே வந்ததும் பாதுகாப்பி. பெனொக்சிஎதனோல் கலந்ததென்றால் போத்தலில் எழுதிய அளவைத் தாண்ட வேண்டாம். ஐரோப்பாவில் அதற்கு 1 சதவீதம்தான் எல்லை.

'கெமிக்கல் இல்லாமல்' என்ற ஆசை விளங்குகிறது. ஆனால் தண்ணீர் இருக்கும் எதுவும் பாதுகாப்பி இல்லாமல் நிற்காது. பச்சைக் கற்றாழைச் சாறு கிருமிக்கு விருந்து. அது வேண்டுமென்றால் உங்களுக்கு மட்டும் சிறிதளவு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தண்ணீரே இல்லாமல் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்த்தால் நல்ல தைலப்பூச்சு கிடைக்கும். அதற்கு எமல்சிபயரும் வேண்டாம், பிரியவும் மாட்டாது. ஈரக் கையைப் போடாமல் எடுத்தால் போதும்.

தேசிக்காய்ப்புளியை இன்றோடு நிறுத்துங்கள். கிறீமுக்காக மட்டும் சொல்லவில்லை. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்துக் கறுப்பு அடையாளம் விழலாம், மாறப் பல கிழமை எடுக்கும். முகத்தில் பூசிக்கொண்டு வயலுக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்கல்லவா கொடுக்கிறீர்கள்.