வாசகர் கேள்வி பதில்: சோதனை ஆணை இல்லாமல் வீட்டிற்குள் வரலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். என் மகன் டெலிகிராம் குழு ஒன்றின் வழியாக உள்ளங்கை அளவு நட்சத்திர ஆமை ஒன்றை வாங்கி, தன் அறையில் வளர்த்து வந்தான். சென்ற மாதம் ஒரு காலையில் வனவிலங்கு அதிகாரிகள் இருவர் வந்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, மகனின் அறையையும் சமையலறையையும் பார்த்து, ஆமையைத் தொட்டியோடு எடுத்துச் சென்றார்கள். கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் போலிஸார் உடன் வரவில்லை, நீதிமன்ற ஆணை எதையும் காட்டவுமில்லை. என் மாமியார் இன்னும் கலக்கத்திலேயே இருக்கிறார். இவ்வாறு சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா? ஆமை திரும்பக் கிடைக்குமா?
(வாசகி, அங் மோ கியோ)

பதில்: அதிகாரம் உண்டு. ஆமை திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சோதனை என்றாலே போலிஸ்தான், போலிஸ் என்றாலே நீதிமன்ற ஆணைதான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சிங்கப்பூரில் வனவிலங்கு தொடர்பான சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது. அக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அதிகாரிகள், குற்றம் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமலும் ஓர் இடத்திற்குள் நுழைந்து தேடலாம், வாகனத்தை நிறுத்திச் சோதிக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், சான்றாகக்கூடிய பொருளையோ உயிரினத்தையோ கைப்பற்றலாம். உள்ளூர்க் காடுகளிலும் குடியிருப்புகளிலும் வாழும் விலங்குகளைக் காப்பது 1965ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம். அதற்கு இந்தப் பெயரும் கூடுதல் வலுவும் 2020ஆம் ஆண்டில்தான் கிடைத்தன. எல்லை தாண்டி வரும் அரிய உயிரினங்களுக்கு, அருகிவரும் உயிரினங்களின் இறக்குமதி, ஏற்றுமதி பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் மகனின் ஆமை இந்த இரண்டாவது சட்டத்தின்கீழ் வருகிறது.

ஆணை வாங்கி வருவதற்கு என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். கடத்தப்பட்ட பறவையும் ஆமையும் ஒரு காகிதப் பைக்குள் அடங்கிவிடும். குழுவில் ஒருவர் எச்சரிக்கைச் செய்தி அனுப்பினால் போதும், அடுத்த அரை மணி நேரத்தில் அந்த உயிர் வேறு வீட்டிற்குப் போய்விடும்; அச்சத்தில் குப்பைத் தொட்டிக்குள் போடப்படவும் கூடும். வீட்டிற்குள் வந்து தேடும் அதிகாரம் சிறிய அதிகாரமன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், சாட்சி சொல்ல வாயில்லாத உயிரைப் பற்றிய குற்றத்தில் அந்த உயிரே சான்றாகவும் இருப்பதால், இந்த அதிகாரம் தேவை என்பதே என் உறுதியான கருத்து.

நட்சத்திர ஆமை தமிழகம், ஆந்திரம், இலங்கை போன்ற பகுதிகளின் வறண்ட முட்காடுகளிலும் புதர்க்காடுகளிலும் வாழ்வது. ஓட்டின் மேல் இருக்கும் மஞ்சள் நட்சத்திரக் கோடுகளே அதற்கு வினையாகிவிட்டன. வளர்ப்பு விலங்குச் சந்தைக்காகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடத்தப்பட்டதன் விளைவாக, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக ஒப்பந்தம் 2019ஆம் ஆண்டில் அதைத் தனது மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. சிங்கப்பூர் 1986 முதல் அந்த ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு. 2022ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு, முதல் பட்டியலில் உள்ள உயிரினத்தை அனுமதியின்றிக் கொண்டுவரும் தனிமனிதருக்கு ஒவ்வொரு உயிரினத்திற்கும் 100,000 வெள்ளி வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சட்டவிரோதமாக வந்த உயிரினத்தை வைத்திருப்பதும் தனிக் குற்றமே. "நான் கடத்தவில்லை, வாங்க மட்டுமே செய்தேன்" என்று உங்கள் மகன் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதனால் மட்டும் விடுபட முடியாது.

நம் பத்திரிகைகள் 'பறிமுதல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு செயல்களுக்குப் பயன்படுத்துகின்றன. அதிகாரி உங்கள் வீட்டிலிருந்து எடுத்துச் சென்றது கைப்பற்றுதல். விசாரணை முடியும்வரை பொருள் அவர்கள் பொறுப்பில் இருக்கும். அது நிரந்தரமாக அரசுக்குச் சேருவதே பறிமுதல். அனுமதிப் பத்திரம் காட்ட முடிந்த பொருள் திரும்பி வரக்கூடும். உங்கள் ஆமைக்கு அத்தகைய பத்திரம் இருக்க வாய்ப்பில்லை. மீட்கப்படும் விலங்குகளை, இங்குள்ள விலங்குத் தோட்டத்தை நடத்தும் மண்டாய் வனவிலங்குக் குழுமம் போன்ற அமைப்புகள் பராமரிக்கின்றன. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த வேலையை முன்னின்று செய்தது நம் ஊரின் ஏக்கர்ஸ் என்ற விலங்கு நல அமைப்பு. உங்கள் மாமியாரிடம் இச்செய்தியைச் சொல்லுங்கள். ஆமைக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை கொஞ்சமாவது குறையும்.

இனி உங்கள் உரிமைகள். அதிகாரியின் அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். எதற்காகத் தேடுகிறார்கள், எவற்றை எடுத்துச் செல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெண்ணின் உடலைச் சோதிக்க நேர்ந்தால் பெண் அதிகாரியே, கண்ணியம் காத்துச் செய்ய வேண்டும். வாக்குமூலம் எடுக்கும்போது உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருந்தாலும், தம்மீதே குற்றச்சாட்டு வரக் காரணமாகும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதப்பட்டதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. ஆங்கிலம் புரியாதவருக்கு அது தமிழில் விளக்கப்பட வேண்டும். இதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கதவைச் சாத்தித் தடுப்பதும், பொய் சொல்வதும், பொருளை மறைப்பதும் புதிய குற்றங்களை வரவழைக்கும். மகனுக்கு விசாரணைக் கடிதம் வந்தால், உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: என் பாட்டியின் புலிநகப் பதக்கம் தஞ்சாவூரில் என் அத்தையிடம் இருக்கிறது. என் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அதைக் கொண்டுவர விரும்புகிறேன். கழுத்தில் அணிந்து வந்தால் சோதிப்பார்களா?
(வாசகர், ஈசூன்)

பதில்: ஐயா, கொண்டுவராதீர்கள். பிள்ளைக்குக் காப்பாகப் புலிப்பல் தாலி கட்டுவது சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற வழக்கம். உங்கள் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் புலி இன்று சைட்டிஸ் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் நகத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இடம் தராது. 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் தொலைக்காட்சிப் போட்டியாளர் ஒருவர் புலிநகப் பதக்கம் அணிந்து திரையில் தோன்றியதற்காகவே கைது செய்யப்பட்டார்.

சாங்கி விமான நிலையத்தில் சோதனை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லாவோஸ் செல்லும் வழியில் இங்கு விமானம் மாறவிருந்த ஒருவரின் பெட்டிகளில் 34.7 கிலோகிராம் எடையுள்ள 20 காண்டாமிருகக் கொம்புத் துண்டுகள் இருப்பதை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. அவர் சிங்கப்பூருக்குள் நுழையவே இல்லை. ஆயினும் அவருக்கு 24 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் 'புலிநகம்' பெரும்பாலும் மாட்டுக் கொம்பைச் செதுக்கியதாக இருக்கக்கூடும். ஆனால் உண்மையான புலிநகம் என்று சொல்லியோ சீட்டு ஒட்டியோ கொண்டுவரும் பொருளையும் நம் சட்டம் புலியின் பாகமாகவே கருத இடம் தருகிறது. ஆகவே போலி என்று நம்பியும் துணிய வேண்டாம். பேரனுக்குப் பொன்னில் ஓர் ஐம்படைத்தாலி (திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவம் கொண்ட, பிள்ளைகளுக்கான காப்பணி) செய்து போடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் அனுமதியில்லாத பறவைகள் இருப்பதாகச் சந்தேகிக்கிறேன். நானே உள்ளே சென்று படம் எடுக்கலாமா?
(வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: கூடாது. நுழையும் அதிகாரம் அதிகாரிகளுக்குரியது; உங்களுக்கோ எனக்கோ அது இல்லை. நடைபாதையிலிருந்து பார்த்ததையும் கேட்டதையும், நாள், நேரத்தோடு குறித்து, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவித் தொலைபேசி எண்ணான 1800-476-1600க்குச் சொல்லுங்கள். மைனாவோ அனுமதிக்கப்பட்ட கூண்டுப் பறவையோ ஆகவும் இருக்கலாம். எனவே அண்டை வீட்டாரிடம் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடவும் வேண்டாம்.