ஐந்தாவது வாரத்து வலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 46, ஊர் கோவை. ஆறு வருடமாக ஓடுகிறேன். போன வருடம் ஜனவரியில் சென்னையில் முழு மராத்தானை 4 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். அப்போதெல்லாம் வாரம் 55 கி.மீ. நவம்பரில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரி, 5 கிலோ எடை போயிற்று. டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தேன். வாரத் தூரத்தை ஏறக்குறைய 10 சதவீதம்தான் ஏற்றினேன்: 20, 22, 24, 26, 29 கி.மீ. ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை குரூப்போடு 14 கி.மீ. போனேன், அதுவரை அதிகபட்சம் 8தான். மறுநாள் இடது கணைக்காலில் உள்பக்கம் வலி. பத்து நாள் விட்டுவிட்டு மறுபடி ஓடினால் நடக்கும்போதே வலித்தது. எம்ஆர்ஐயில் எலும்பில் ஸ்ட்ரெஸ் இன்ஜுரி (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் காயம்), கிரேடு 2. ஆறு வாரம் ஓய்வு முடிந்து, மெல்ல ஆரம்பிக்கலாம் என்று இந்த வாரம் (மார்ச் நடுவில்) டாக்டர் சொல்லிவிட்டார்.

வாட்சில் விஓ2 மேக்ஸ் (உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு) 46இலிருந்து 39க்கு வந்துவிட்டது. ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கினால் வலது 24 முறை, இடது 11 முறைதான் வருகிறது. நவம்பரில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 900க்கு மேல் இருந்தது, அதனால் இரும்புச்சத்துக்குக் குறையில்லை. குறைந்த எடை ஓட்டத்துக்கு நல்லதுதானே என்று ராத்திரி சாப்பாட்டைக் குறைத்து அதை அப்படியே வைத்திருக்கிறேன். ஜூலையில் அரை மராத்தான், ஜனவரியில் முழு மராத்தான் என்று திட்டம். அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட் அறுவைசிகிச்சை முடிந்து 17 நாளில் மராத்தான் ஜெயித்தாரே, என்னால் ஏன் ஐந்து வாரத்தைத் தாண்ட முடியவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜோன் பெனாய்டை முதலில் வழியனுப்பிவிடுவோம். 1984 ஏப்ரல் கடைசியில் முழங்காலில் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவைசிகிச்சை), 17 நாள் கழித்து அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் முதலிடம், ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் 2:24:52 நேரத்தில் தங்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்குத் தொந்தரவு மூட்டுக்குள் இருந்த மென்திசுவில், எலும்பில் அல்ல. ஓட்டம் தடைப்பட்டதும் சில வாரங்கள்தான். உங்களுக்கு நான்கு மாதம் போயிருக்கிறது, அடி வாங்கியது எலும்பு. அந்தக் கதையை வைத்து உங்கள் காலுக்குக் கணக்குப் போட முடியாது.

ஐந்தாவது வாரத்துக்கு வருகிறேன். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் போவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதோடு இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு. 1984இல் கோய்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர் நல்ல பயிற்சியில் இருந்தவர்களை நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். முதல் 21 நாளில் விஓ2 மேக்ஸ் 7 சதவீதம் இறங்கியது, 56 நாளில் 16 சதவீதம் வரை இறங்கி அங்கேயே நின்றது. சீக்கிரம் போகிற இந்தச் சங்கதி சீக்கிரமே திரும்பியும் வருகிறது. ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் ரத்தத்தின் அளவு கூடிவிடும், மூச்சு இளைப்பது குறையும். நாலாவது வாரம் ‘பழைய ஃபார்ம் வந்துவிட்டது’ என்று தோன்றுவது பிரமை அல்ல. நுரையீரலையும் இதயத்தையும் பொறுத்தவரை பாதி உண்மை.

எலும்பு அந்த வேகத்தில் வருவதில்லை. புதிய சுமை விழுந்ததும் எலும்பு முதலில் தன்னை அரித்துக்கொள்ளும். பழைய பகுதியைச் செல்கள் கரைத்தெடுக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், அந்தக் குழியில் புது எலும்பு நிரம்பிக் கெட்டிப்பட மூன்று மாதம் ஆகும். நம் ஊரில் சாலையை வெட்டிப் போட்டுவிட்டுத் தார் போட மாசக்கணக்கில் காக்க வைப்பார்களே, அதே கதைதான். இடைப்பட்ட மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை, ஓடத் தொடங்கிய நாளில் இருந்ததைவிடவும் எலும்பு பலவீனமாக இருக்கக்கூடும். மூச்சு சரியாகி வேகம் கூட்டுவதும் சரியாக அதே வாரங்களில்தான். டிசம்பரில் உங்களுக்கு நடந்தது இது. காய்ச்சலில் படுத்துக் கிடந்த உடம்பு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது.

10 சதவீத விதியைக் கடைப்பிடித்தீர்கள், ஆனால் கடைப்பிடித்த இடம் தவறு. வாரத்துக்கு 10 சதவீதம் என்பதை நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். விதிப்படி மெல்ல ஏற்றிய குழு, வழக்கமான பயிற்சி எடுத்த குழு, இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025இல் வந்த வேறோர் ஆய்வு 5200 ஓட்டக்காரர்களின் வாட்ச் பதிவுகளை வைத்துப் பார்த்தது. அதில் வாரக் கணக்கு ஏறுவதற்கும் காயத்துக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஒரே ஓட்டத்தின் தூரம், முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியபோதுதான் காயம் கூடியது. உங்கள் நோட்டைப் பாருங்கள்: வாரம் 26இலிருந்து 29, அழகான ஏற்றம். ஞாயிறு ஓட்டம் மட்டும் 8இலிருந்து 14, அதாவது 75 சதவீதத் தாவல். இனி கண்காணிக்க வேண்டியது இந்த ஒரு எண்ணைத்தான்.

ஓட இறங்குமுன் காலைச் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் 30 நிமிடம் விறுவிறுவென நடந்தால் வலி கூடாது. கட்டை விரலால் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை அழுத்திக்கொண்டே வாருங்கள், ஓரிடத்திலும் ‘சுருக்’ என்று இருக்கக் கூடாது. பிறகு இடது காலால் மட்டும் பத்து முறை குதித்துப் பாருங்கள். மூன்றும் சுத்தமாக இருந்தால் ஆரம்பிக்கலாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான். 10 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என்று 8 சுற்று, கடைசியில் 5 நிமிடம் நடை. இதை இரண்டு நாள் வலியில்லாமல் முடித்தால் அடுத்த படி: 2 நிமிடம் ஓடி 2 நிமிடம் நடந்து 6 சுற்று. அதற்கடுத்து 3 ஓட்டம் 2 நடை 5 சுற்று, 4 ஓட்டம் 1 நடை 5 சுற்று, 5 ஓட்டம் 1 நடை 5 சுற்று, 8 ஓட்டம் 1 நடை 3 சுற்று, முடிவில் நிற்காமல் 30 நிமிடம். ஏழு படி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, மொத்தம் நான்கு வாரம். நடையும் சேர்ந்த தூரம் இதில் பெரிதாக மாறாது, ஆகவே 10 சதவீதக் கணக்கை இந்தக் கட்டத்தில் போட வேண்டாம். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை இதற்கு ஏற்ற இடம். சுற்று இரண்டரை கி.மீ. என்பதால் எங்கே வலித்தாலும் ஒன்றேகால் கி.மீ.க்குள் நடந்து வண்டியிடம் வந்துவிடலாம். நேர்ச் சாலையில் 4 கி.மீ. தள்ளிப் போய் வலி வந்தால் நம்மவர்கள் நடந்து திரும்புவதில்லை, ஓடித்தான் திரும்புகிறார்கள். சாலையோரச் சரிவில் எப்போதும் ஒரே பக்கம் ஓடுவதும் இப்போது ஆகாது.

வலியில் இரண்டு சாதி உண்டு. கெண்டைக்காலில், தொடையில் 10க்கு 3 மார்க் அளவுக்கு இறுக்கம் இருந்து மறுநாள் காலை போய்விட்டால் கவலை வேண்டாம். எலும்பின் மேல் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலித்தால், ஓட ஓடக் கூடினால், அது 1 மார்க் ஆனாலும் அங்கேயே நிறுத்தி நடங்கள். மூன்று நாள் ஓட்டமில்லை, வலி முழுக்கப் போனபின் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போது எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், ஸ்ட்ரெஸ் இன்ஜுரி ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது.

இப்போது அந்த 24க்கு 11. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய எண் விஓ2 மேக்ஸ் அல்ல, இதுதான். கெண்டைக்காலில் அடியில் இருக்கும் சோலியஸ் தசை, ஓடும்போது உடல் எடையைப் போல் 6 மடங்குக்கும் மேல் சுமை வாங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் கணைக்கால் எலும்பு வளையப் பார்க்கும்போது அதை எதிர்த்து இழுத்துப் பிடிப்பதும் இதுவே. தசை களைத்தால் அந்த வளைவு முழுக்க எலும்பின் தலையில் விழும். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக்காலில் குதிகாலை 2 வினாடியில் மேலே ஏற்றி, ஒரு வினாடி நின்று, 3 வினாடியில் இறக்குங்கள். முழங்காலை நீட்டி 3 செட், ஒவ்வொன்றிலும் 8 முறை. அது 12 முறை சுலபமாக வந்தால் முதுகுப் பையில் 5 கிலோ சேருங்கள். சோலியஸுக்கு முழங்கால் மடங்கியிருக்க வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தை ஒரு பலகை மேல் வைத்து, தொடையில் முழங்காலை ஒட்டி 25 கிலோ அரிசி மூட்டையைச் சாய்த்துக்கொண்டு ஒரு காலுக்கு 3 செட், ஒவ்வொன்றிலும் 12 முறை. முதலில் இடது கால், அது எத்தனை செய்கிறதோ அத்தனைதான் வலதுக்கும். ஓடும் நாளில் ஓட்டம் முடிந்தபின் செய்யுங்கள், ஓய்வு நாள் முழு ஓய்வாக இருக்கட்டும். இடது 20ஐத் தாண்டும்வரை 30 நிமிடத்துக்கு மேல் ஓடாதீர்கள்.

வேகத்துக்கு வாட்சைக் கேட்க வேண்டாம். 208இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உங்கள் அதிகபட்ச இதயத்துடிப்பு ஏறக்குறைய 176, அதில் 75 சதவீதம் 132. ஆனால் மணிக்கட்டு சென்சார் சில நேரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். துடிப்பு 160 என்று காட்டி, காலடியும் நிமிடத்துக்கு 160 ஆக இருந்தால் சந்தேகப்படுங்கள். மூச்சு முட்டாமல் இரண்டு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே போதும். விஓ2 மேக்ஸ் எண்ணும் துடிப்பையும் வேகத்தையும் வைத்துப் போடும் ஊகம்தான். ஏப்ரல் வெயிலில் துடிப்பு ஏறும், எண் இன்னும் இறங்கும். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். காலடி எண்ணிக்கையை மட்டும் 5 சதவீதம் கூட்டுங்கள், அடி குட்டையானால் ஒவ்வோர் அடியிலும் விழும் சுமை குறையும். கார்பன் பிளேட் ஷூ (அடியில் கார்பன் தகடு வைத்த ரேஸ் ஷூ) இருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஃபெரிட்டின் 900 என்பது இரும்பு நிறைந்திருப்பதன் அடையாளம் அல்ல. காய்ச்சலிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் தானாக ஏறும், டெங்குவில் தாறுமாறாக ஏறும். நவம்பர் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி மூன்றையும் எடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருப்பது ஓட்டக்காரர்களிடம் சகஜம். மாத்திரை தேவைப்பட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதில் உடம்பு நன்றாகவே ஏற்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கிடையாது. கோவைக்காரரிடம் காபி வேண்டாம் என்பது கொஞ்சம் அநியாயம்தான். ஓடும்போது நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் ஈசிஜி, எக்கோ எடுத்தபின்தான் அடுத்த ஓட்டம்.

ராத்திரிச் சாப்பாட்டை இன்றே பழையபடி சாப்பிடுங்கள். டெங்குவில் போன 5 கிலோவில் தசையும் இருக்கிறது. சாப்பாடு பற்றாத உடம்பு சீக்கிரமே கைவிடும் வேலைகளில் எலும்பு கட்டுவதும் ஒன்று, குணமாகிக்கொண்டிருக்கும் எலும்போடு எடைக் கட்டுப்பாடு சேரவே சேராது. ஓடுமுன் இரண்டு வாழைப்பழம், ஓடி வந்ததும் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. கால்சியம் ஒருநாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் 350 அளவுக்கு இருக்கிறது, மீதிக்குப் பாலும் தயிரும்.

தேதிக் கணக்கு போடுவோம். ஏப்ரல் நடுவில் 30 நிமிடம். அதன்பின் இரண்டு வாரத்தில் மற்ற ஓட்டங்களின் தூரத்தைக் கூட்டாமல் வாரம் மூன்று நாளை நான்காக்கி, ஒரு ஓட்டத்தை மட்டும் 35 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போதைய வேகத்தில் அது 5 கி.மீ. இனிமேல் 10 சதவீதம்: 5.5, 6, 6.6. மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இப்படிப் போனால் 10 கி.மீ. வர ஜூலை முதல் வாரம் ஆகும், 21 வர செப்டம்பர் கடைசி. ஆக, ஜூலை அரை மராத்தான் நடக்காது. பதிவு செய்திருந்தால் 10 கி.மீ.க்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், அதையும் ரேஸாக ஓடாதீர்கள். ஞாயிறு குரூப்பை விட வேண்டாம், அவர்களோடு கிளம்பி உங்கள் நிமிடக் கணக்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள். அவர்களுடைய ஈஸி பேஸ் உங்களுக்கு இப்போது ஈஸி இல்லை, அதனால் கடைசி வரிசையில் போங்கள்.

ஜனவரி முழு மராத்தானுக்குக் கணக்கு இடம் கொடுக்கிறது. செப்டம்பர் கடைசியில் 21 வந்தால் நவம்பர் முதல் வாரத்தில் 30ஐத் தொடலாம், அதன்பின் இரண்டு மாதம் கையிருப்பு. வழியில் மூன்று வாரம் தடங்கல் வந்தாலும் தாங்கும், ஆறு வாரம் வந்தால் அரை மராத்தானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எர்லி பேர்ட் (முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்கான) தள்ளுபடி என்று மெயில் வரும். சில நூறு ரூபாய் மிச்சமென்று இப்போதே கட்டிவிட்டால் செப்டம்பரில் காலைக் கேட்க மாட்டீர்கள், கட்டிய பணத்தைத்தான் கேட்பீர்கள். 21 கி.மீ.யை வலியில்லாமல் இரண்டு முறை முடித்துவிட்டு முழு விலையில் பதிவு செய்யுங்கள்.