போரும் அமெரிக்கச் சமூகமும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

இரண்டாம் உலகப் போர் அமெரிக்கர்களின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு மாற்றியது என்ற அளவிலேயே இங்கு விடையளிக்கிறேன். போர்க்களங்கள் என் துறை அல்ல.

கல்லூரி மாணவர் ஒருவர்: போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு அரசு உதவிகள் வழங்கிய ஜி.ஐ. சட்டம்தான் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை உருவாக்கியது என்கிறார்களே?

பெருமளவு உண்மை. 1932-இல் ஊக்கத்தொகை கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட முதல் உலகப் போர் வீரர்களை ராணுவத்தை ஏவி விரட்டிய அவப்பெயர் ஆட்சியாளர்களுக்கு மறக்கவில்லை. ஊர் திரும்பும் ஒன்றரைக் கோடிப் பேரும் வேலையின்றித் தெருவில் நின்றால் என்னாகும் என்ற அச்சமும் சேர்ந்துதான் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டை இச்சட்டத்தில் கையெழுத்திட வைத்தது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், மாதாந்திர உதவித்தொகை, வேலை கிடைக்கும் வரை, அதிகபட்சம் 52 வாரங்களுக்கு, வாரம் 20 டாலர், வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் ஆகியவை அதில் அடங்கும். சுமார் 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். யாருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள்.

மற்றொருவர்: முப்பதுகளின் பொருளாதாரச் சரிவான பெருமந்தத்தை முடித்தது போர்தானே?

ஆம். 1940-இல் 14 விழுக்காட்டுக்கும் மேலிருந்த வேலையின்மை 1944-இல் ஏறத்தாழ ஒரு விழுக்காடாகக் குறைந்தது.

ஓர் ஆசிரியை: ஆலைகளுக்குச் சென்ற பெண்கள், போர் முடிந்ததும் விரும்பித்தான் வீடு திரும்பினார்களா?

எல்லோரும் அல்ல. போர்ட்லாந்தின் கைசர் கப்பல் கட்டும் தளங்களில், வாயிலருகிலேயே குழந்தைகள் காப்பகம் இரவும் பகலும் இயங்கியது. பணிமுறை முடிந்து வரும் தாய் குழந்தையோடு இரவு உணவையும் சமைத்த நிலையில் விலைக்கு வாங்கிச் செல்லலாம். கப்பல் தேவை குறைந்ததும் பெண்களோடு சேர்ந்து காப்பகங்களுக்கும் விடைகொடுத்தார்கள். ஆயினும் மணமான பெண்கள் வேலைக்குச் செல்வது ஐம்பதுகளில் மீண்டும் பெருகியது. இம்முறை அலுவலகங்களிலும் கடைகளிலும், குறைந்த ஊதியத்துக்கு.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: ஜி.ஐ. சட்டத்தில் நிறவேறுபாடே இல்லை. பிறகு ஏன் அதைக் குறை கூறுகிறீர்கள்?

வாசகத்தில் இல்லைதான். ஆனால் மசோதாவைக் கீழவையில் நடத்திச் சென்ற குழுவின் தலைவர் ஜான் ராங்கின், மிசிசிப்பியின் வெளிப்படையான நிறவெறியர். நிறைவேற்றும் பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களிடமும் வங்கிகளிடமும் கல்லூரிகளிடமும் விடப்பட்டது. 1947-இல் மிசிசிப்பியில் இச்சட்டத்தின் உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குச் சென்றவை இரண்டு.

அவரே மீண்டும்: திருப்பிச் செலுத்தும் திறனைப் பார்ப்பது வங்கியின் கடமை. மேலும் அது தென் மாநிலங்களின் கதை.

கடனில் ஒரு பகுதிக்கு அரசே பொறுப்பேற்றதன் நோக்கமே வங்கியின் தயக்கத்தைப் போக்குவதுதான். அப்படியிருந்தும் மறுத்தார்கள் என்றால் பார்த்தது திறனை மட்டும் அல்ல. தென் மாநிலங்களோடு நிற்கவும் இல்லை: நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கி, முன்னாள் வீரர்களுக்காகவே பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்த லெவிட்டவுனின் ஒப்பந்தப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதோர் எவரும் வீட்டில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். வீடு துடைக்கலாம், வசிக்கக் கூடாது. இதில் கடன் திறன் எங்கே வருகிறது?

மூன்றாம் முறையாக அவரே: அத்தகைய நிபந்தனைகளை 1948-இல் உச்ச நீதிமன்றமே செல்லாதாக்கிவிட்டது அல்லவா?

நீதிமன்றங்கள் அவற்றை நடைமுறைப்படுத்தக் கூடாது என்றுதான் தீர்ப்பு. விற்பவர் தாமாக மறுப்பதை அது தடுக்கவில்லை. 1957-இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் முதல் கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அந்தக் குடும்பத் தலைவரும் முன்னாள் படைவீரரே.

பெருமந்தம் முடிந்தது போரினாலா, ரூஸ்வெல்ட்டின் திட்டங்களாலா? (மூவர்)

மேலே எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தயவுசெய்து படியுங்கள்.

மருத்துவக் காப்பீடு அங்கு ஏன் முதலாளியின் கையில் இருக்கிறது?

1942-இல் ஊதிய உயர்வுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. காப்பீடு அதில் சேரவில்லை. ஆட்களைப் பிடிக்க நிறுவனங்கள் அதை வழங்கின. 1954-இல் வரிவிலக்கும் சட்டத்தில் உறுதியானது.

இந்தியர்களுக்கு ஏதாவது மாறியதா?

1946-இல் குடியுரிமை பெறும் தகுதி கிடைத்தது. குடியேற ஆண்டுக்கு நூறு இடங்கள்.

அணுகுண்டு தேவைதானா?

ராணுவ வரலாறு அறிந்தவரைக் கேளுங்கள்.

வங்கி அதிகாரி: அப்படியானால் கறுப்பின வீரர் எவருமே பயனடையவில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. பல்லாயிரவர் படித்தார்கள். பிரான்சின் நார்மண்டிப் போர்முனையிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர் மெட்கர் எவர்ஸ் 1946-இல் மிசிசிப்பியில் வாக்களிக்கச் சென்றபோது ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் மறித்தார்கள். அதே எவர்ஸ் ஜி.ஐ. சட்ட உதவியோடு ஆல்கார்ன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். இடம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டே கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அவரை அம்மாநிலத்தின் முழுநேரச் செயலாளராக நியமித்தது.