கல்யாணக் கார்டு முழுவதையும் போடோனி எழுத்துருவில் அடிக்கலாமா?

பெண்ணு மாப்பிள்ளை பெயருக்குத் தாராளமாகப் போடுங்கள். மண்டப முகவரிக்கு மட்டும் வேண்டாம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கார்டு அடிக்க வருகிற நிறையப் பேர் கைப்பேசியில் காட்டும் மாதிரி போடோனியாகவோ அதன் பிரெஞ்சுப் பங்காளி டிடோவாகவோதான் இருக்கும். ஆங்கிலப் பெரிய 'எம்' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காரணம் புரியும். ஒரு கால் தடிமன், மறு கால் மயிரிழை. அடியில் உள்ள செரிஃப், அதாவது காலின் முனையில் வரும் சின்னக் குறுக்குக்கோடு, வளைந்து இறங்காது, வெறும் நேர்கோடு. 1768இல் இத்தாலியின் பார்மா நகரப் பிரபுவின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்ற ஜியாம்பத்திஸ்தா போடோனி, வழவழப்பான தாளில் நாலு பக்கமும் நிறைய இடம் விட்டு அடித்தவர். அந்தத் தாள் இருந்ததால் அந்தக் கோடு நின்றது.

நம் ஊர்க் கார்டு மெரூன் அட்டை, தங்க ஃபாயில். 36 பாயிண்டில் பெயர் ஜொலிக்கும். அதன் கீழே டேவான் (மண்டபம்), ஜாலான் (சாலை), தாமான் (குடியிருப்பு) என்று நாலு வரி மலாய் முகவரி 7 பாயிண்டில் வரும். அங்கே மெல்லிய கோடுகளில் ஃபாயில் சரியாகப் பிடிக்காது. சின்ன 'என்', சின்ன 'யு' இரண்டும் தனித்தனிக் குச்சிகளாகிவிடும். தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வரும் பெரியவர்கள் எந்த டேவான் என்று கண்டுபிடிப்பது?

முகவரிக்குப் பாஸ்கர்வில் நல்லது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலை அச்சிட்ட எழுத்து. மிடுக்குக் குறையாது, மெல்லிய கோட்டிலும் கொஞ்சம் சதை இருக்கும். லிப்ரே பாஸ்கர்வில் இலவசமாகவே கிடைக்கிறது.

போடோனியேதான் வேண்டும் என்று தங்கச்சி அடம்பிடித்தால், போடோனி மோடாவை எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் இலவசம். எழுத்தின் அளவுக்கு ஏற்ப மெல்லிய கோட்டைத் தடிமனாக்கும் வசதி அதில் உண்டு. டிசைனர் அதைத் தொடாமல் பெரிய எழுத்தையே சுருக்கி வைத்தால் பயனில்லை.

அப்புறம் தமிழ்ப் பக்கம். ஆங்கிலத்தில் இவ்வளவு மெனக்கெட்டுவிட்டு, தமிழுக்கு ஒரே தடிமனில் ஏதோ ஒரு எழுத்துருவைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. நோட்டோ செரிஃப் தமிழில் தடிப்பும் மெலிவும் இருக்கிறது, ஓரளவு ஜோடி சேரும். தமிழில் 'கீ' மேலே ஏறும், 'மூ' கீழே இறங்கும். வரி இடைவெளியைக் கூட்டி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் கார்டுக்கும் இதே கதைதான். படம் சுருங்கும்போது மயிரிழைக் கோடுதான் முதலில் காணாமல் போகும்.