அம்மாவின் மறதி நோய்: பராமரிப்பு இல்லத்துக்காகத் தோப்பை விற்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,500 ரூபாய், பாலக்கோட்டில் உள்ள வீட்டின் வாடகை 6,000 ரூபாய் வருகிறது. அம்மா பெயரில் மட்டும் 14 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டும் இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் உள்ளன. அல்சைமர் மறதி நோய் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார். நல்ல நாட்களில் புரிந்து பேசுகிறார். ஆனால் இரண்டு முறை யாரும் கவனிக்காதபோது வீட்டைவிட்டு நடந்து, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கம் போய் நின்றுவிட்டார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மூன்று இல்லங்களைப் பார்த்திருக்கிறோம். பெங்களூரில் ஒன்று: மாதம் 48,000, முன்பணம் 1,50,000. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒன்று: மாதம் 24,000, முன்பணம் 50,000. மூன்றாவது இல்லத்தில் ஒரே தடவை 10 லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார்களாம், மாதக் கட்டணமே இல்லை. தோப்பை விற்று நல்ல இல்லமாகச் சேர்க்கலாமா? திருப்பூரில் தங்கை இருக்கிறாள், விற்பதற்கு அவளுக்கு மனமில்லை.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தோப்பை விற்க வேண்டாம், 10 லட்சத்தையும் கட்ட வேண்டாம். பக்கத்து இல்லம் நான் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால், அம்மாவின் வருமானமும் டெபாசிட்டுமே எட்டு வருடத்துக்குத் தாங்கும். ஆனால் இல்லத்தைத் தேடி அலைவதற்கு முன்னால் இந்த மாதமே வங்கி வேலையை முடியுங்கள். அது தள்ளிப்போனால், பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை வரும்.

முதலில் கணக்கு. இல்லம் சொல்லும் 24,000 என்பது தங்க, சாப்பிட, பொதுவாகப் பார்த்துக்கொள்ள. டயப்பர் நாளுக்கு நான்கு, ஒன்று சுமார் 40 ரூபாய் என்றால் மாதம் 4,800. இன்று தேவைப்படாவிட்டாலும் இன்றே கணக்கில் சேருங்கள். மருந்துக்கு 2,500, மருத்துவர், பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் சராசரியாக 1,500, சோப்பு, துணிமணி, சத்துமாவு போன்ற சில்லறைக்கு 1,200. ஆக 34,000. இந்த மொத்தச் செலவு வருடம் 8 சதவீதம் ஏறும் என்று வைத்தால் எட்டாவது வருடத்தில் அது மாதம் 58,000-ஐத் தாண்டும். ஓய்வூதியம் அகவிலைப்படியோடு வருடம் 5 சதவீதம் கூடும், வாடகை அப்படியே நிற்கும், டெபாசிட் 6.5 சதவீதம் தரும் என்று போட்டுப் பார்த்தேன். முன்பணம் 50,000 போக, எட்டு வருட முடிவில் டெபாசிட்டில் இன்னும் சுமார் இரண்டரை லட்சம் நிற்கிறது. தோப்பின் குத்தகைப் பணத்தை இதில் சேர்க்கவே இல்லை. மாங்காய் விலையை நம்பி மாதக் கட்டணத்தைத் திட்டமிடக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு, பல் வைத்தியம் போன்றவற்றுக்கு அது இருக்கட்டும்.

இதே கணக்கைப் பெங்களூர் இல்லத்துக்குப் போட்டால், கட்டணம் 48,000, மற்ற செலவு 10,000 என மாதம் 58,000-இல் தொடங்கி, நான்காம் வருடத்தின் தொடக்கத்திலேயே டெபாசிட் தீர்ந்துவிடும். இந்த நோயில் பலர் நான்கு முதல் எட்டு வருடம், சிலர் அதற்கும் மேல் இருப்பார்கள். பணம் தீர்ந்து, பழகிய இடத்திலிருந்து பாதியில் தூக்கி வேறு இடத்தில் விடுவதுதான் இவர்களை மிகவும் குலைத்துவிடும். எட்டு வருடம் கட்ட முடிகிற இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது இல்லத்தின் கணக்கைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 6.5 சதவீதம் என்றால் மாதம் 5,400 ரூபாய் சொச்சம். அந்தப் பணத்தில் ஒரு மனுஷியை மூன்று வேளை சாப்பாடு போட்டு, இரவும் பகலும் ஆள் வைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. அடுத்து வருபவரின் 10 லட்சத்தில்தான் முதலில் வந்தவரின் சோறு வேகும். புதியவர்கள் வருவது குறைந்த மாதத்தில் முதலில் இரவு ஆட்கள் குறைவார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, இல்லத்தில் கட்டிய பணத்துக்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் ‘உங்கள் அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை, அழைத்துப் போங்கள்’ என்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

வங்கிக்கு வருவோம். அம்மா நல்ல நாட்களில் புரிந்து பேசுகிறார் என்கிறீர்கள். அப்படியொரு நாளில், டெபாசிட் என்றால் என்ன, மகன் பெயரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புரிகிறது என்று நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அதே நாள் தேதியோடு சான்று வாங்குங்கள். பிறகு வங்கிக்கு அழைத்துப் போய், டெபாசிட்டில் உங்கள் பெயரையும் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ முறையில், அதாவது முதிர்ந்ததும் இருவரில் யாராவது ஒருவரோ, ஒருவருக்குப் பின் மற்றவரோ எடுக்கும்படி, சேர்க்கச் சொல்லுங்கள். டெபாசிட்டை உடைக்காமலேயே பெயர் சேர்க்க விதி இடம் தருகிறது. அடுத்து அந்த 14 லட்சத்தை இரண்டு லட்சம் வீதம் ஏழு டெபாசிட்டாக, முதிர்வு தேதிகள் நான்கைந்து மாத இடைவெளியில் வரும்படி பிரித்துப் போடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஈதர் ஆர் சர்வைவராக இருந்தாலும், முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். முதிர்ந்த அன்று உங்கள் ஒரு கையெழுத்து போதும். அம்மா கையெழுத்துப் போட முடியாத காலத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்த இடைவெளிதான். முடிந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி அதிகமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 2023 ஏப்ரலில் அது 8.2 சதவீதமாக்கப்பட்டது. மற்ற பெரியவர்களுக்கு நானே அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அதில் கூட்டுக் கணக்கு கணவன் அல்லது மனைவியோடு மட்டும்தான், பிள்ளையைச் சேர்க்க முடியாது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பணத்தை எடுக்க அம்மாவின் கையெழுத்து வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது சரிவராது.

ஓய்வூதியம் விழும் கணக்கிலிருந்து இல்லத்தின் கணக்குக்கு மாதா மாதம் தானாகப் பணம் போகும்படி நிலையான உத்தரவையும் அதே நாளில் எழுதிக் கொடுங்கள். அம்மா சார்பில் செயல்படப் பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்திறனை இழந்ததும் பவர் செல்லாமல் போய்விடும், நம் ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதன் பிறகு சொத்தைக் கையாள உயர் நீதிமன்றம் வரை போய்க் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். தோப்பை விற்பதிலும் இதே சிக்கல் உண்டு. இந்த நிலையில் அம்மா போட்ட கிரயக் கையெழுத்தைத் தங்கையோ வாங்கியவரோ பின்னால் கேள்வி கேட்கலாம். தோப்பை உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அம்மா தன் சார்பில் சிகிச்சை முடிவுகளுக்குத் துணை நிற்க ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அதையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி இல்லத்தைப் பார்ப்பது. பகல் பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறு முதல் எட்டுக்குள் சொல்லாமல் போங்கள். பொழுது சாயும்போதுதான் மறதி நோயாளிகளுக்குப் பதற்றம் ஏறும், ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டுவார்கள். அப்போது ஊழியர்கள் கூடவே நடந்து, பேச்சை மாற்றி உட்கார வைக்கிறார்களா, அல்லது அதட்டுகிறார்களா, நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்களா? இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அப்போது எத்தனை முதியவர்கள் இருப்பார்கள் என்று கேளுங்கள். ‘ஆள் இருக்காங்க’ என்ற பதில் போதாது. வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் யார் என்றும் கேளுங்கள்.

பதிவுச் சான்று இரண்டு உண்டு. முதியோர் இல்லம் என்றால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மனநலம் பாதித்தவர்களை வைத்துச் சிகிச்சை தரும் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. மறதி நோய்க்கென்றே நடத்துவதாகச் சொல்பவர்களிடம் இரண்டையும் கேளுங்கள், பதிவு எதுவரை செல்லும் என்ற தேதியையும் பாருங்கள்.

மருந்துப் பதிவேட்டைப் பாருங்கள். வேளை வாரியாகக் கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். மாத முடிவில் மொத்தமாகப் போட்ட கையெழுத்து ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். பாதிப் பேர் பகலிலேயே தலை தொங்கித் தூங்கினால், அமைதிப்படுத்தும் மாத்திரையை ஆளுக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். மனநோய்க்குத் தரும் அந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுபவை. மருத்துவர் எழுதாமல், உங்களிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ‘நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் என்ன செய்வீர்கள்?’ சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்பவர்களுக்குத் தொழில் தெரியும். ‘நோய் முற்றிவிட்டது’ என்பவர்களிடம் அம்மாவை விடாதீர்கள்.

மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கிறார்களா, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்குப் படுக்கைப் புண் வந்தால் அதன் வைத்தியச் செலவு உங்கள் தலையில்தான் விழும். சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை இருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் களி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் விழுங்குவது சிரமமான பிறகு களி உருண்டை மூச்சுக்குழாயை அடைத்துவிடும், கெட்டியான கேழ்வரகுக் கூழாக மாற்றித் தர வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். குடிநீர் ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்றும் கேளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து மூட்டை இறுக்கும் தொந்தரவு உள்ள மாவட்டம் இது, ஏற்கெனவே மூட்டு இறுகியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவதே வலி.

பெங்களூருக்கு எதிராக நான் சொல்லும் இன்னொரு காரணம் மொழி. நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழிகள் கழன்று தாய்மொழி மட்டும் நிற்கும். அம்மா ‘வயிறு இழுத்துப் புடிக்குது’ என்று சொல்வது ஊழியருக்குப் புரியாவிட்டால், வலியைக் கோபம் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள். நிபுணர் ஆலோசனைக்குப் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் போய் வாருங்கள். தங்குவது நம் பேச்சு புழங்கும் இடமாக, நீங்கள் வாரம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். அடிக்கடி ஆள் வந்துபோகிற முதியவரை எந்த இல்லமும் கூடுதலாகக் கவனிக்கும்.

ஒப்பந்தத்தில் விலையைவிட முக்கியமான வரிகள் சில. படுத்த படுக்கையானால் கட்டணம் எவ்வளவு கூடும்? கூடும் என்று மட்டும் எழுதாமல் தொகையை எழுதச் சொல்லுங்கள். 24,000 என்பது நடமாடுபவருக்கு மட்டும், படுத்துவிட்டால் 36,000 என்று பிறகு சொன்னால் நம் கணக்கு முழுக்கத் தவறும். வருடாந்திர உயர்வுக்கு உச்சவரம்பு என்ன? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, அங்கே கூட இருக்கும் ஆளுக்கு யார் தருவது, இரவில் ஆம்புலன்ஸில் யார் ஏறுவார்? வெளியேற்றுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன தொகையா? வரிவிலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆகவே நடத்துபவர் அறக்கட்டளையா நிறுவனமா என்று கேட்பதிலும் பணம் இருக்கிறது. முன்பணம் கட்டும் முன் ஒரு மாதம் சோதனையாகத் தங்க வைக்கக் கேளுங்கள். மறுக்கும் இல்லத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். பணம் எல்லாம் வங்கி வழியாக, ரசீதோடு.

மருத்துவக் காப்பீடு இல்லக் கட்டணத்தைத் தராது. குளிப்பாட்ட, உடை மாற்ற, நடக்க வைக்கத் துணையாக இருக்கும் பராமரிப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொது விலக்காகவே வைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டும் ஓய்வூதியர் காப்பீடு கைகொடுக்கும், அந்த அட்டையின் நகலை இல்லத்தில் கொடுத்து வையுங்கள். வருமான வரியில் நீங்கள் பழைய முறையில் இருந்து, அம்மா பெரும்பாலும் உங்களைச் சார்ந்திருந்தால், 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவில் வந்த சலுகை பொருந்தும். நரம்பியல் நிபுணர் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று தர வேண்டும், மூத்த குடிமகனுக்கு ஒரு லட்சம் வரை, சிகிச்சைச் செலவுக்கு மட்டும். அதனால் ரசீதில் தங்கும் செலவையும் மருத்துவச் செலவையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஓய்வூதியம் வாங்கும் அம்மாவைச் சார்ந்தவர் என்று காட்ட முடியுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்ட பிறகே எழுதுங்கள்.

ஓய்வூதியத்துக்கான வருடாந்திர நேர்காணலை மறந்தால் மாத வரவே நின்றுவிடும். தபால்காரரை இல்லத்துக்கே வரவழைத்து விரல்ரேகை வைத்து டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுக்கலாம், கட்டணம் 70 ரூபாய். ஆதாரில் இணைத்த கைபேசி எண் உங்களிடம் இருக்கட்டும்.

தங்கை விஷயம். தோப்பு அப்படியே இருக்கிறது என்றால் அவருடைய பயத்தில் பாதி தீர்ந்துவிடும். டெபாசிட்டில் உங்கள் பெயர் சேர்வது பணத்தைக் கையாள மட்டுமே, அது அம்மாவின் பணம், மீதியில் இருவருக்கும் பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கிக்குப் போகும் நாளில் அவரையும் திருப்பூரிலிருந்து வரச் சொல்லுங்கள். அதன் பிறகு மாதம் முதல் வாரத்தில் இல்ல ரசீது, மருந்து ரசீது, வங்கி அறிக்கை மூன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.