அந்தத் தாளை நிறுத்தியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓர் இஸ்லாமிய வங்கியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சி கொடுத்து ஆளாக்கியவர்களைப் போட்டி வங்கிகள் கூடுதல் சம்பளம் கொடுத்து அள்ளிக்கொண்டு போகின்றன. நாங்களும் அதையேதான் செய்கிறோம். "வட்டி இல்லாத வங்கியிலும் ஏலம் உண்டா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சம்பளத்தை உயர்த்துவதைத் தவிர வேறு வழி உண்டா?

ம.

அன்புள்ள ம.,

சம்பளத்தை உயர்த்துங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏலத்தில் வந்தவர் அடுத்த ஏலத்தில் போவார். என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

முராபஹாவையே, அதாவது வங்கி பொருளை வாங்கி லாபம் வைத்து வாடிக்கையாளருக்கு விற்கும் முறையையே, எடுத்துக்கொள்வோம். ஒருவர் இயந்திரம் வாங்க வருகிறார். வங்கி முதலில் அதைத் தன் உடைமையாக்க வேண்டும். அது கெட்டுப்போனால் நட்டம் வங்கியுடையது என்ற நிலை சற்று நேரமேனும் இருக்க வேண்டும். அதன் பிறகே லாபம் சேர்த்து விற்கலாம். மாதக் கடைசி, இலக்கு எட்டவில்லை. மேசையில் இருப்பவர், "வாங்குவதாக வாக்களிக்கும் தாள், விற்பனைத் தாள் இரண்டிலும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், மறுபடி அலைய வேண்டாம்" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் தன்னிடம் இல்லாத பொருளை வங்கி விற்றுவிட்டது! ஷரீஆ (இஸ்லாமியச் சட்டம்) தணிக்கையில் பிடிபட்டால் அந்த லாபம் வழக்கமாகத் தர்மத்துக்குப் போகும். பிடிபடாவிட்டால் அது அரபுப் பெயர் வைத்த வட்டிக் கடன்.

இரண்டாவது தாளை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஏன் என்பதை வாடிக்கையாளர் எரிச்சலடையாமல் சொல்லத் தெரிந்தவரே உங்கள் திறமையாளர். ஒப்பந்தப் படிவத்தைப் போட்டி வங்கி ஒரே நாளில் நகலெடுத்துவிடும். இவரை நகலெடுக்க முடியாது.

சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. மலேசிய மத்திய வங்கி இஸ்லாமிய நிதிக் கல்விக்கென்றே 2005இல் இன்சீஃப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குக் கணக்கு, தணிக்கை விதிகளை வகுக்கும் பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பு ஷரீஆ ஆலோசகர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் தேர்வு நடத்துகிறது. இருந்தும் ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியல் படித்தவருக்கு இருப்புநிலைக் குறிப்பு புரிவதில்லை. வட்டி வங்கியிலிருந்து வந்தவருக்குப் பழைய பழக்கம் போவதில்லை. இருவரையும் ஆறு மாதம் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். மார்க்கம் படித்த ஆலிம் கிளைக்கு வந்து வாடிக்கையாளரின் அவசரத்தைப் பார்க்கட்டும். (வங்கியின் ஷரீஆ மேற்பார்வைக் குழுவில் இருக்கும் பெரியவர்களை நான் சொல்லவில்லை. ஒரே அறிஞர் பல வங்கிகளின் குழுக்களில் இருப்பது தனிக் கதை. மலேசியாவில் ஒருவர் இரண்டு இஸ்லாமிய வங்கிகளின் குழுக்களில் இருக்கக் கூடாது.)

உங்கள் ஊக்கத்தொகை எதை எண்ணுகிறது? முடிந்த ஒப்பந்தங்களை மட்டும் என்றால், தாளை நிறுத்தியவருக்கு அந்த மாதம் ஒன்றும் கிடைத்திருக்காது. போன ஆண்டு விலகியவர்களின் கோப்புகளை எடுங்கள். அப்படி ஊக்கத்தொகையை இழந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.