கேஸ் டெஸ்டில் பூஜ்யம் வந்துவிட்டால், சவர் கேஸ் (ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயு) ஓடிய பழைய குழாயில் உடனே வெல்டிங் செய்யலாமா?

செய்யக் கூடாது. மணலிப் பக்கம், ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் வேலைகளில் வெல்டிங் ஆய்வாளராக இருக்கிறேன். எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. அந்தப் பூஜ்யம் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்குத்தான் பொருந்தும். இரும்புக்குள் ஊறியிருப்பதை எந்த மீட்டரும் காட்டாது.

ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும்போது அணு நிலையில் ஹைட்ரஜன் உண்டாகிறது. வழக்கமாக அது இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகிப் போய்விடும். சல்பைடு அதைத் தடுப்பதால் குழாய்ச் சுவருக்குள் புகுந்துகொள்கிறது. அதன் மேல் ஆர்க் வைத்தால் உருகிய உலோகம் கொப்பளித்து, வெல்டில் ஊசி குத்தியது போலத் துளைகள் விழும். அவையாவது கண்ணுக்குத் தெரிகின்றன. ஆறிய பிறகு வெல்டின் ஓரத்தில், தோலுக்கு அடியில் ஓடும் மயிரிழை விரிசல்தான் ஆள்கொல்லி.

முதலில் அல்ட்ராசோனிக் சோதனையில் சுவருக்குள் கொப்புளமோ அடுக்குப் பிளவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம், அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள். இல்லையென்றால் ஹீட்டிங் பேட் கட்டி, சுமார் 300 டிகிரி செல்சியஸில் 2 முதல் 4 மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். ஷட்டவுன் அவசரத்தில் முதலில் கைவைக்கப்படுவது இந்த நேரத்தில்தான். எலக்ட்ரோடு, அதாவது வெல்டிங் குச்சி, ஹைட்ரஜன் குறைவான 7018 வகை; சூடான போர்ட்டபிள் ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எண்ணூர்க் கடற்காற்றில் பாக்கெட்டைத் திறந்து போட்டால் ஈரம் ஏறி, வெளியேற்றிய ஹைட்ரஜனை நாமே திரும்ப ஊட்டியதாகிவிடும். கார்பன் ஸ்டீல் என்றால் வெல்டின் கடினத்தன்மை 200 பிரினெலை (கடினத்தன்மை அளவு) தாண்டாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் முடிவில் வெல்டைச் சூடாக்கி மெல்ல ஆறவிடும் வெப்ப நேர்த்தி.

வால்வு மூடியிருக்கிறது என்ற பேச்சை ஏற்காதீர்கள். குழாயை அடைக்கும் இரும்புத் தகடான பிளைண்ட் போட்டிருக்க வேண்டும். உள்ளே படிந்த கருப்புச் செதில் இரும்பு சல்பைடு. காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். சூடாக்குவதற்கு முன் கழுவி அகற்றிவிட வேண்டும், அதுவரை நனைத்தே வையுங்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மூக்கின் மேல் அபார நம்பிக்கை. வாடையை வைத்தே காற்றின் திசையைச் சொல்வார்கள். ஆனால் காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மை நெருங்கும்போது மூக்கு மரத்து, அழுகிய முட்டை வாடையே தெரியாமல் போகும். மீட்டர் சட்டையிலேயே இருக்கட்டும். சூட்டில் இடுக்குகளிலிருந்து வாயு மறுபடி கிளம்பும் என்பதால், காலையில் எடுத்த டெஸ்ட் மதியத்துக்கு உதவாது.

விரிசல் சோதனையையும் வெல்டிங் முடிந்த கையோடு செய்து கையெழுத்து வாங்காதீர்கள். ஹைட்ரஜன் விரிசல் தாமதமாக வரும். குழாயை ஒப்படைக்கச் சொல்லி யார் நச்சரித்தாலும் குறைந்தது 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெப்ப நேர்த்திக்குப் பிறகு இன்னொரு முறையும்.